மின் மலைமிதிவண்டியும் துணைக்கருவிகளும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

மிதிவண்டியின் சட்டம், சக்கரம், பெடல், செயின் ஆகிய அடிப்படை உறுப்புகளுக்கு மேல் சேர்க்கப்படும் விளக்கு, மணி, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர், பூட்டு முதலியவை துணைக்கருவிகள் எனப்படும். தமிழ்நாட்டில் மிதிவண்டி உழைக்கும் மக்களின் சுமைவண்டியாகப் பரவியதால், இக்கருவிகள் அலங்காரமாக அல்லாமல் வண்டியின் பகுதியாகவே கருதப்பட்டன. மலைமிதிவண்டியோ இக்கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியதால் உருவான வண்டி. அது மின்மோட்டாருடன் இன்று அன்றாடப் பயணத்திற்கு வந்து சேரும்போது, கழற்றப்பட்டவற்றுள் எவற்றைத் திரும்பப் பூட்டுவது, எதற்கு முதலில் செலவு செய்வது என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கான விடையில் பெரும்பகுதி, இப்பகுதியின் பழைய மிதிவண்டிகளிலேயே இருக்கிறது.

வட்டாரமும் சாலைகளும்

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திண்டிவனம் சாலைகளின் சந்திப்பு: சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், தெற்கே புதுச்சேரிக்கும், கிழக்கே மரக்காணம் கடற்கரைக்கும், வடமேற்கே வந்தவாசிக்கும் சாலைகள் இங்கிருந்து பிரிகின்றன. விக்கிரவாண்டி வழியாக இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 40 கி.மீ.

நிலம் பெரும்பாலும் சமதளம். கரும்பு, நெல், மணிலா விளையும் வயல்கள், பனைமரங்கள், ஏரிக்கரைகள், செம்மண் பாதைகள், மேற்கே பாறைகள் குவிந்த செஞ்சிக் குன்றுகள் என அமைந்தது இவ்வட்டாரம். ஆகவே இங்கு மிதிவண்டிக்கு எதிரிகளாக இருப்பவை செங்குத்தான ஏற்றங்கள் அல்ல. வேலிகாத்தான் முள், ஆடி மாதத்து மேல்காற்று, கோடை வெயில், ஐப்பசி கார்த்திகை மழை, நெடுஞ்சாலையின் இருட்டு ஆகியவையே. ஆடிக்காற்றில் திண்டிவனத்திலிருந்து செஞ்சி நோக்கி மிதிப்பவருக்குச் சமதரையும் மேடாகிவிடும். எந்தத் துணைக்கருவி தேவை என்பதை முடிவு செய்பவை இந்த ஐந்தும்தான்.

மிதிவண்டியின் வருகை

இரு சக்கரங்களும் ஒரே அளவில் அமைந்து, பின்சக்கரம் செயினால் சுழலும் இன்றைய அமைப்பை 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி தம் ரோவர் வண்டியில் நிலைநிறுத்தினார். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின் மிதிவண்டி உலகெங்கும் பரவியது. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் போன்ற ஆங்கிலேய வண்டிகள் இந்தியாவில் இறக்குமதியாயின. தொடக்கத்தில் அவற்றை வாங்க முடிந்தவர்கள் அலுவலர்களும் வசதி படைத்தோரும் மட்டுமே.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. வடக்கே 1951-இல் அட்லஸ், 1956-இல் ஹீரோ ஆகிய நிறுவனங்கள் தோன்றின. இவற்றின் கருப்பு நிறப் பெரிய வண்டி, 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்டது. முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருந்தன. சுமை பின்னால்தான் ஏறும் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

சொந்தமாக வண்டி வாங்க இயலாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மட்கார்டில் கடையின் பெயரும் வண்டி எண்ணும் எழுதப்பட்டிருக்கும். மணிக்கணக்கில் வாடகை. பெரிய வண்டியின் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுச் சிறுவர்கள் ஓட்டக் கற்றதும் இக்கடை வண்டிகளில்தான். வாடகை வண்டிகளில் விளக்கோ செயின் கவரோ பெரும்பாலும் இராது. கழன்று விழக்கூடியதைக் கடைக்காரர் முன்பே கழற்றி வைத்துவிடுவார். சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் உள்ள வேறுபாடு துணைக்கருவிகளில்தான் தெரிந்தது.

சுமைவண்டியாக மாறிய கதை

பால்காரர் கேரியரின் இருபுறமும் கொக்கி போட்டுப் பால்கேன்களைத் தொங்கவிட்டார். மரக்காணம் பக்கமிருந்து மீன்கூடைகள் சைக்கிளில் உள்ளூர்களுக்கு வந்தன. பனங்காட்டு நுங்கும் பதநீரும், வயலிலிருந்து புல்கட்டும், சந்தைக்குக் கோழிக்கூடையும், தெருத்தெருவாக மண்ணெண்ணெய் டின்னும் பித்தளைப் பாத்திரங்களும் இதே வண்டியில் சென்றன. குடும்பமே ஒரு வண்டியில் போவதும் உண்டு: முன்பாரில் சிறு குழந்தை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு குழந்தை.

இந்தச் சுமைக்காக வண்டி திருத்தப்பட்டது. தொழிற்சாலை தந்த கேரியருக்குப் பதிலாகப் பட்டறையில் கனமான இரும்புக் கேரியர் செய்யப்பட்டது. முன்ஃபோர்க்கிற்கு இருபுறமும் சப்போர்ட் கம்பி பூட்டப்பட்டது. பாரம் ஏற்றும்போது வண்டி சாயாமல் நிற்க, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு இன்றியமையாததாயிற்று. ஆயுதபூசையன்று பொட்டும் மாலையும் பெற்ற வண்டியில் இவையெல்லாம் உயிர்ப் பகுதிகள். ஹப்பில் சுற்றிய வண்ணக் குஞ்சமும் கைப்பிடியில் தொங்கிய நாடாக்களுமே அலங்காரம்.

இந்தத் திருத்தங்களில் ஒரு முறைமை காணப்படுகிறது. எவரும் வண்டி வேகமாக ஓட வேண்டும் என்று செலவு செய்யவில்லை. நிற்க வேண்டும், தாங்க வேண்டும், தெரிய வேண்டும் என்பதற்கே செலவு செய்தார்கள்.

விளக்கும் டைனமோவும்

இரவில் விளக்கின்றி மிதிவண்டி ஓட்டுவது குற்றமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. காவலர்கள் நிறுத்திக் கேட்பார்கள். ஒரே வண்டியில் இருவர் செல்லும் டபுள்ஸும் பிடிபடும். உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கு ஆண்டு வரி வாங்கிக்கொண்டு சிறு உலோக வில்லை வழங்கின. வண்டியில் அந்த வில்லை இருக்க வேண்டும்.

முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு டைனமோ. டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் சிறு மின்னாக்கி இது. பொதுவாக 6 வோல்ட், 3 வாட் திறன் கொண்டது. டைனமோவை அழுத்தியவுடன் மிதிப்பது கனக்கும். வண்டி வேகமெடுத்தால் ஒளி கூடும், மெதுவானால் மங்கும், நின்றால் அணையும். அதாவது, லாரி வரும் நேரத்தில் சாலையோரம் ஒதுங்கி நிற்பவரின் விளக்கு, மிகவும் தேவையான நொடியில் எரியாது. பள்ளி அறிவியல் பாடத்தில் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னாக்கும் விதத்தை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சாலையிலோ அதன் குறை உயிரோடு தொடர்புடையது.

சென்னை – திருச்சி நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்ட பின் இச்சிக்கல் கூடியது. வாகனங்களின் வேகம் பெருகியது. நடுவே தடுப்பு எழுந்ததால், வயலுக்கும் ஊருக்கும் இடையே சாலையைக் கடக்க வேண்டியவர் நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். பலர் ஓரமாக எதிர்த்திசையிலேயே மிதிக்கிறார்கள். அப்போது எதிரே வரும் ஓட்டுநருக்குத் தெரிவது மிதிவண்டியின் முன்பக்கம்தான். அங்கு விளக்கும் வெள்ளைப் பிரதிபலிப்பானும் இல்லையென்றால் எதுவுமே தெரியாது.

பெண்களும் செயின் கவரும்

ஒரு துணைக்கருவி யாரை வண்டியில் ஏற்றுகிறது, யாரை இறக்கிவிடுகிறது என்பதற்குப் பெண்களின் மிதிவண்டி வரலாறு சான்று. உயர்ந்த பார் உள்ள ஆண்கள் வண்டியில் சேலையோ பாவாடையோ உடுத்தியவர் ஏறுவது கடினம். தாழ்ந்த சட்டம், முழு செயின் கவர், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் துணி சிக்காமல் தடுக்கும் வலை ஆகிய மூன்றும் சேர்ந்த பின்னரே அவ்வண்டி பெண்களுக்கு ஏற்றதாயிற்று.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். ஊரகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். கற்றவர்களுக்குப் போதிய பெண்கள் வண்டிகள் கிடைக்காததால், பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். பாரில் குழந்தையை உட்காரவைக்க அது வசதி என்று கருதியவர்களும் இருந்தனர். தேவை எதுவோ அதற்கேற்பவே கருவி தேர்ந்தெடுக்கப்பட்டது.

2001–02 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின மேல்நிலைப்பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அத்திட்டம் படிப்படியாகப் பிற வகுப்பு மாணவியருக்கும், பின்னர் மாணவர்களுக்கும் விரிந்தது. விழுப்புரம் போன்ற ஊரக மாவட்டங்களில் பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளிக்குச் செல்ல இவ்வண்டிகள் பெரிதும் உதவின. மாணவியரின் வண்டியில் பள்ளிப்பை வைக்க முன்கூடை இருந்தது. அது சிறு பொருள்தான்; ஆனால் பத்துப் புத்தகங்களை முதுகில் சுமந்து எட்டு கிலோமீட்டர் மிதிக்கும் பெண்ணுக்குச் சிறு பொருள் அல்ல.

கழற்றியதால் பிறந்த வண்டி

மலைமிதிவண்டியின் தோற்றம் இதற்கு நேர்மாறான திசையில் நிகழ்ந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டியின் மவுண்ட் தமல்பைஸ் மலைச்சரிவுகளில் இளைஞர்கள் சிலர் பழைய தடித்த டயர் வண்டிகளில் கீழ்நோக்கிப் பாய்ந்து விளையாடினர். எடை குறைய வேண்டும், பாறையில் மோதினால் உடைய எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர் ஆகியவற்றைக் கழற்றி எறிந்தனர். வலுவான பிரேக்குகளையும் பின்னர் கியர்களையும் சேர்த்தனர். 1976-இல் அங்கு ரீபேக் எனப்பட்ட இறங்குமுகப் பந்தயம் தொடங்கியது. நெடிய இறக்கத்தில் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகி ஆவியாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வெளிவந்ததும் மலைமிதிவண்டி பெருமளவில் விற்கும் பொருளாயிற்று.

இந்தியாவில் 1990-களில் எம்.டி.பி. என்ற சொல் பரவியது. குமிழ் டயர், நேரான கைப்பிடி, பளிச்சென்ற வண்ணம் கொண்ட வண்டிகளை இளைஞர்கள் விரும்பினர். பின்னர் முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும், டிஸ்க் பிரேக்கும் வந்தன. வடிவம் மலையிலிருந்து வந்தது. ஓடியதோ பள்ளிக்கும் டியூஷனுக்கும் கடைத்தெருவுக்கும். மழைநாளில் மட்கார்டு இல்லாத பின்சக்கரம் சட்டை முதுகில் சேற்றுக்கோடு போட்டபோதுதான், கழற்றப்பட்டது எதற்காக இருந்தது என்பது புரிந்தது.

மோட்டார் சேர்ந்தபோது

மின்மிதிவண்டி புதிய எண்ணம் அன்று. 1895-இலேயே அமெரிக்காவின் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர ஹப்பில் மோட்டார் பொருத்திய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மின்கலத்தின் எடையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1993-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், ஓட்டுபவர் மிதிக்கும் விசையை உணர்ந்து அதற்கேற்ப மோட்டார் உதவும் முறையை அறிமுகப்படுத்தியது. எடை குறைந்த லித்தியம் அயனி மின்கலங்கள் பரவியபின் இம்முறை உலகெங்கும் நிலைபெற்றது.

இந்திய மோட்டார் வாகன விதிகள் இவ்வகை வண்டிக்கு ஓர் எல்லை வகுத்துள்ளன. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதலையும் பெற்றிருந்தால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவு எண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. அதே விதி, தகுந்த பிரேக்கும், முன்னே வெள்ளைப் பிரதிபலிப்பானும் பின்னே சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும் என்கிறது. துணைக்கருவி எனக் கடைகளில் தனியே விற்கப்படும் ஒரு பொருள் சட்டத்தின் நிபந்தனையாக இருப்பது கவனிக்கத்தக்கது.

விழுப்புரம் மாவட்டத்தில் மின்மிதிவண்டிகள் கண்ணில் படும் இடங்களுள் ஒன்று, வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில். திண்டிவனம் – புதுச்சேரி சாலைக்குக் கிழக்கே, செம்மண் பாதைகளும் மரச்செறிவும் கொண்ட அப்பகுதியில் மின்வண்டிகள் அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுகின்றன. பெரும் வேகம் தேவைப்படாத, குறுந்தொலைவுப் பயணங்களுக்கு அவை பொருந்துகின்றன.

எதற்கு முதலில் செலவு செய்வது

மின் மலைமிதிவண்டி வாங்குவோர் பலரும் முதலில் கேட்பது மோட்டார் திறனையும் மின்கல அளவையும். இவ்வட்டாரத்தின் அனுபவமோ வேறு வரிசையைக் காட்டுகிறது.

முதலாவது பிரேக். சாதாரண மிதிவண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். மின்வண்டி 25 கி.மீ. வேகத்தை எளிதில் எட்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஒரே எடைக்கு, பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. பழைய கம்பி பிரேக்கு மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் வழுக்கியதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். டிஸ்க் பிரேக் நனைந்த நிலையிலும் நன்கு பிடிக்கும். கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை ஊரிலுள்ள எந்தக் கடையிலும் இறுக்கிக்கொள்ளலாம்; எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது வலிமை மிக்கது என்றாலும் பழுதானால் தேர்ந்த கை வேண்டும். பிரேக் பிடித்தவுடன் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சு பிரேக் லீவரில் இருக்கிறதா என்பதையும், பிரேக் லீவரை மாற்றினால் புதியதிலும் அது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விளக்கு. டைனமோ காலத்துச் சங்கடம் இதில் இல்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தில் உள்ள ஆற்றல் 360 வாட்-மணி. 3 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தால் செலவாவது 6 வாட்-மணி. இது மொத்தத்தில் அறுபதில் ஒரு பங்கு. எனவே மின்கலத்தை மிச்சப்படுத்த விளக்கை அணைப்பதில் பொருளில்லை. வண்டி நின்றாலும் ஒளி மங்காது. ஆனால் 6 வோல்ட் விளக்கை நேரடியாக 36 வோல்ட் மின்கலத்தில் இணைத்தால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வேண்டும். தனி மின்கலத்தோடு வரும் விளக்கானால் இத்தொல்லை இல்லை. பின்புறச் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் சேர்த்தே வாங்கத்தக்கவை.

மூன்றாவது டயர். மலைச்சரிவின் தளர்மண்ணைப் பற்ற அமைந்த பெரிய குமிழ் டயர் தார்ச்சாலையில் இரைச்சலோடு ஓடி, மின்கலத்தை வீணே குடிக்கும். நடுவில் வழவழப்பும் ஓரங்களில் சிறு குமிழும் உள்ள டயர், தார்ச்சாலைக்கும் ஏரிக்கரைக்கும் பொதுவாகப் பொருந்தும். வேலிகாத்தான் முள்ளுக்குத் தடுப்பாக டயருக்கும் டியூபுக்கும் இடையே கனத்த பட்டை வைக்கலாம். பழைய டியூபை நறுக்கி உள்ளே வைத்த ஊர்ப்புற வழக்கத்தின் திருந்திய வடிவமே அது. ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமும் கிடைக்கிறது. ஹப் மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்றுவது எளிதன்று என்பதால், பங்சர் ஆகாமல் காப்பதே நலம்.

நான்காவது கேரியரும் ஸ்டாண்டும். மலைமிதிவண்டிச் சட்டங்கள் சிலவற்றில் கேரியர் பூட்டுவதற்கான துளைகளே இரா. சீட் குழாயில் மட்டும் இறுக்கும் கேரியர் சிறு பைக்குத்தான் உதவும். பால்கேனுக்கோ அரிசி மூட்டைக்கோ உதவாது. பழைய வண்டியில் கேரியரின் கால்கள் பின்சக்கர அச்சில் பூட்டப்பட்டன. ஹப் மோட்டார் உள்ள வண்டியில் அப்படிச் செய்யும்போது கவனம் தேவை. மோட்டார் சுழலும் விசையில் அச்சு தானும் திரும்பிவிடாமல் தடுக்கும் வாஷர் அங்கிருக்கும். அதை நீக்கிவிட்டுக் கேரியர் காலை நுழைத்தால், அச்சு சுழன்று மின்கம்பிகளை அறுத்துவிடும். எனவே வாங்கும்போதே சட்டத்தில் துளை இருக்கிறதா என்று பார்ப்பதே சிறந்தது. ஸ்டாண்டும் அவ்வாறே. மெல்லிய பக்கக்கால் மழையில் ஊறிய மண்ணில் புதைந்து வண்டி சாயும். அச்சிலிருந்து வெளிவரும் மின்கம்பி தரையில் மோதும். அகன்ற பாதமுள்ள ஸ்டாண்டு அந்தச் செலவைத் தடுக்கும்.

ஐந்தாவது மட்கார்டும் மழைக்காப்பும். 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது, மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய நாளில் மின்வண்டியை வெளியே எடுப்பதே தவறு. மழைத்தூறலைத் தாங்கும் மோட்டார், தேங்கிய நீரில் மூழ்குவதைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. சாதாரண மழைநாட்களில் முழுநீள மட்கார்டு ஆடையை மட்டுமல்லாமல், மின் இணைப்புகளையும் சேற்றிலிருந்து காக்கும்.

பூட்டும் அவசியம். பழைய வண்டியில் பின்சக்கரத்தைப் பற்றும் சிறு பூட்டே போதுமானதாக இருந்தது. இன்று மின்கலமே விலை மிக்க உறுப்பு. கழற்றி உடன் எடுத்துச் செல்லக்கூடிய மின்கலம் திருட்டையும் வெயிலையும் ஒருங்கே தவிர்க்கும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியை உடனே மின்னேற்றாமல், மின்கலம் ஆறியபின் நிழலில் வைத்து, அதற்குரிய சார்ஜரிலேயே ஏற்ற வேண்டும்.

திறனைக் கூட்டும் ஆசை

கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது, உயர்ந்த வோல்ட் மின்கலம் பொருத்துவது ஆகியவையும் மேம்பாடு என்ற பெயரில் நடக்கின்றன. இவற்றால் வண்டி சட்டம் வகுத்த எல்லையைத் தாண்டுகிறது. அதன்பின் அது மிதிவண்டி அன்று. பதிவும் காப்பீடும் உரிமமும் தேவைப்படும் மோட்டார் வாகனம். விபத்து நேர்ந்தால் இந்த வேறுபாட்டின் சுமை ஓட்டியவர் குடும்பத்தின் மேல் விழும். மேலும், 25 கி.மீ. வேகத்துக்கென அமைந்த ஃபோர்க்கும் பிரேக்கும் கம்பிகளும் மாறாமல் அப்படியே இருக்கும்.

தொலைவு போதவில்லை என்பது வேறு சிக்கல். ஓட்டுபவரும் மிதித்துக்கொண்டிருந்தால், சமதரையில் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவாகும் என்று கொள்ளலாம். 360 வாட்-மணி மின்கலம் 36 கி.மீ. வரும். விழுப்புரத்திலிருந்து கிளம்பியவர் திண்டிவனத்தை எட்டும் முன் மின்கலம் தீர்ந்துபோகும். எதிர்காற்றடித்தால் இன்னும் முன்பே தீரும். பல வண்டிகளில் உள்ள மின்கலம் இதனினும் சிறியது. இதற்குத் தீர்வு, தயாரிப்பாளர் அனுமதிக்கும் அதே வோல்ட் கொண்ட பெரிய மின்கலம். அல்லது உதவி அளவைக் குறைத்துக்கொண்டு கூடுதலாக மிதிப்பது. எவ்வளவு மின்சாரம் தீர்ந்தாலும் பெடல் இருக்கிறது என்பதே மிதிவண்டியின் சிறப்பு.

பழுதுபார்ப்போரின் இடம்

பழைய வண்டிக்கு ஊர்தோறும் ஒரு கடை இருந்தது. புளியமரத்தடியில் தண்ணீர்ச் சட்டி, காற்றடிக்கும் பம்பு, சில ஸ்பேனர்கள், வால்டியூப் கொஞ்சம், அதுவே பட்டறை. 28 அங்குல டயரும் டியூபும் எந்தச் சிற்றூரிலும் கிடைத்தன. ஆண்டுக்கொரு முறை வண்டியை முழுதாகப் பிரித்துத் துடைத்து கிரீஸ் போடும் ஓவராயில் வேலை அவருக்கு வருமானம், வண்டிக்கு ஆயுள். மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் பெருகியபின் இக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. எஞ்சியவை இருசக்கர மோட்டார் வாகனங்களுக்கான பங்சர் கடைகளாயின.

மின் மலைமிதிவண்டியின் எதிர்காலம் இங்குதான் முடிவாகும். 27.5 அங்குல டியூபோ டிஸ்க் பிரேக் பேடோ உள்ளூரில் கிடைக்காவிட்டால், எவ்வளவு சிறந்த வண்டியும் சில மாதங்களில் திண்ணையில் சாய்ந்து நிற்கும். ஆகவே துணைக்கருவிகளின் பட்டியலில் ஒரு மாற்று டியூப், இரண்டு பிரேக் பேடுகள், ஹப் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், கைப்பம்பு ஆகியவையும் இடம்பெற வேண்டும். மின் உறுப்புகளில் கட்டுப்பாட்டுக் கருவி, பிரேக் சுவிட்சு, பெடல் உணரி ஆகியவற்றைச் சோதிக்கக் கற்ற ஒரு இளைஞர் இருந்தால், பழைய சைக்கிள் கடை புதிய உருவில் திரும்பி வரவும் கூடும். தொழிற்பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு இது எட்டக்கூடிய வேலையே.

முடிவுரை

மலைமிதிவண்டியை உருவாக்கியவர்கள் தங்கள் மலைக்குத் தேவையற்றதைக் கழற்றினார்கள். தென்னாற்காட்டு உழைப்பாளிகள் தங்கள் சாலைக்குத் தேவையானதைப் பூட்டினார்கள். இரு தரப்பினரும் செய்தது ஒன்றே: வண்டியைத் தாங்கள் போகும் வழிக்குப் பொருத்தினார்கள். மோட்டார் மிதிப்பவரின் களைப்பைக் குறைக்கிறது. ஆனால் பால்கேனைத் தாங்குவது கேரியர். இருட்டில் லாரி ஓட்டுநருக்கு ஆளைக் காட்டுவது விளக்கும் பிரதிபலிப்பானும். சேலை உடுத்தியவரை ஏற்றிக்கொள்வது தாழ்ந்த சட்டமும் செயின் கவரும். எனவே புதிய வண்டி வாங்குவோர் கையிலுள்ள பணம் முழுவதையும் மோட்டாருக்கே செலவிடாமல், நிற்பதற்கும் தெரிவதற்கும் தாங்குவதற்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவைப்பது நன்று.